நூறு விழுக்காடு: எவரைக் கழித்து?

தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளே நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் வண்ணத் தட்டிகள் முளைத்து விடுகின்றன. கும்மிடிப்பூண்டிப் பெருஞ்சாலையிலும், பொன்னேரிக் கடைத்தெருவிலும், திருத்தணி மலையடியிலும், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வானளாவி நிற்கும் நம் வள்ளூர்ப் பக்கத்திலும் ஒரே முழக்கம்: 'எம் பள்ளி நூறு விழுக்காடு!' கல்வி அலுவலர் பொன்னாடை போர்த்துகின்றார். தலைமையாசிரியர் கேடயம் பெறுகின்றார். செய்தித்தாள்களில் படம் வருகின்றது. இதனைப் பழிக்க யாம் எழுதுகோல் எடுக்கவில்லை. கூலி செய்து பிழைப்போரின் மக்கள் பயிலும் அரசுப் பள்ளி தலைநிமிர்ந்து நிற்பதைக் கண்டு மகிழாத நெஞ்சம் தமிழ நெஞ்சமாகாது. ஆயினும் அத் தட்டிகளைக் காணுந்தோறும் எம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்து உறுத்துகின்றது. நூறு விழுக்காடு என்பது எத்தனை பேரில் நூறு விழுக்காடு?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள் சேர்ந்தனர் என்று கொள்வோம். பத்தாம் வகுப்புத் தேர்வெழுத நாற்பத்தொருவர் அமர்கின்றனர். நாற்பத்தொருவரும் தேறுகின்றனர். தட்டியில் 'நூறு விழுக்காடு' என்று எழுதப்படுகின்றது. கணக்குத் தவறன்று, கூட்டலும் வகுத்தலும் சரியே. ஆனால் எஞ்சிய பத்தொன்பது பேர் எங்கே? அவருள் சிலர் பெற்றோருடன் வேற்றூர் பெயர்ந்திருப்பர். சிலர் தனியார் பள்ளிக்குச் சென்றிருப்பர். மற்றையோர்? அவரைப் பற்றித் தட்டியும் பேசுவதில்லை, மேடையும் பேசுவதில்லை, மேலிடத்துக் கணக்கும் பேசுவதில்லை.

இவ்வினாவை எழுப்பும் தகுதி எமக்கு உண்டா என்பதையும் முதலில் ஒப்புக்கொண்டு விடுவது நேர்மை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இம்மாவட்டத்தின் பள்ளி ஒன்றில் (பெயர் வேண்டா) யாம் தமிழாசிரியராக இருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணாக்கன். தந்தை தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலையொன்றில் ஒப்பந்தக் கூலியாள். பையனுக்குக் கணக்கும் ஆங்கிலமும் எட்டிக்காய். தமிழிலோ, எழுதும்போது பிழை மலிந்திருக்கும். வாய்ப்பாடமாகக் கேட்டால் ஒரு குறளும் தவறாது. சீர் பிரித்துச் சொல்வதில் வகுப்பில் அவனுக்கு இணை கிடையாது. ஆண்டிறுதியில் ஆசிரியர் கூட்டத்தில் அவன் பெயர் வந்தது. "இவன் பத்தாம் வகுப்புக்கு வந்தால் நம் நூறு போய்விடும்" என்றார் பொறுப்பிலிருந்தவர். தந்தையை அழைத்தனர், எழுதப் படிக்கத் தெரியாத அவர் காட்டிய இடத்தில் கைந்நாட்டு வைத்தார், மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்தது. அதில் விலகும் கரணியம் என்னுமிடத்தில் எழுதப்பட்டிருந்தது: 'பெற்றோர் விருப்பம்.' யாம் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அப்பள்ளி நூறு விழுக்காடு பெற்றது. தமிழ்ப்பாடத்தில் எவரும் தவறாமைக்காக எம் தோளிலும் ஒரு பொன்னாடை விழுந்தது.

சில ஆண்டுகள் கழித்துத் தொழிற்பேட்டை வாயிலருகே சுமையுந்து ஒன்றில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் எம்மைக் கண்டு இறங்கி வந்தான். அவனேதான். கைகளில் துரு; முகத்தில் பழைய சிரிப்பு. "ஐயா, இந்த ஆண்டும் நம்ம பள்ளி நூத்துக்கு நூறா?" என்று கேட்டான். எள்ளலாகக் கேட்கவில்லை, உண்மையான மகிழ்ச்சியோடு, தன் பள்ளி என்னும் உரிமையோடு கேட்டான். விடை சொல்ல எமக்கு நா எழவில்லை.

எல்லாப் பள்ளியிலும் இஃது நிகழ்கின்றது என்று யாம் சொல்லவில்லை. தளராது உழைத்துக் கடைசி இருக்கைப் பிள்ளையையும் கரையேற்றும் ஆசிரியப் பெருமக்களை இம்மாவட்டத்திலேயே யாம் அறிவோம்; மாலையில் ஆறு மணிவரை இருந்து கணக்குச் சொல்லித் தருவோர், தேர்வு நாளன்று பிள்ளையின் வீட்டுக்கே சென்று எழுப்பி அழைத்து வருவோர் எத்தனையோ பேர். அவர்களுடைய நூறும், கழித்துப் பெற்ற நூறும் ஒரே தட்டியில், ஒரே மேடையில், ஒரே கேடயத்தில் வந்து சேர்ந்து விடுகின்றன என்பதுதான் எம் குற்றச்சாட்டு. உழைத்தவனுக்கும் கழித்தவனுக்கும் ஒரே பரிசு என்றால், நாளடைவில் எவ்வழி எளிதோ அவ்வழியே பெருகும்.

இனி, இவ்வாறு வெளியேற்றப்படும் பிள்ளை எத்தகைய பள்ளத்தில் விழுகின்றது என்று பாருங்கள். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு அகவை முதல் பதினான்கு அகவை வரைதான் காக்கும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு அகவைக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கின்றது. பதினான்கைக் கடந்த வளரிளம் பருவத்தினரைக் கேடு சூழ்ந்த தொழில்களில் மட்டும் அமர்த்தலாகாது என்கின்றது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்துவதில்லை. ஆகவே சல்லடை போடுவது ஒன்பதாம் வகுப்பில்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அகவையோ பதினான்கு! கல்விச் சட்டம் கைவிடும் அதே நாளில், தொழிற்சட்டம் பாதிக் கதவைத் திறந்து வைத்திருக்கும் அதே நாளில், பள்ளியும் வெளியே தள்ளினால் அப்பிள்ளை எங்கே போகும்? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை பள்ளிக்கு மிகத் தொலைவில் இல்லை.

இழப்பு அதனோடும் முடியவில்லை. அரசுப் பள்ளி மாணாக்கருக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. உயர்கல்வி பயிலும் பெண்பிள்ளைகட்குத் திங்கள்தோறும் 1,000 உருபா தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்பிள்ளைகட்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் வந்தன. தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணியமர்த்தத்தில் 20 விழுக்காட்டு முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பள்ளிக்கல்வி முழுவதையும் தமிழ்வழியிலேயே பயின்றிருத்தல் வேண்டும் என்று 2020-இல் அது திருத்தப்பட்டது. நல்லவை; வரவேற்கத்தக்கவை. ஆனால் 7.5 விழுக்காடும் மாதந்தோறும் வரும் உதவித்தொகையும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து பயின்றவர்க்கே உரியவை. ஒன்பதாம் வகுப்பில் கழிக்கப்பட்டவன் ஒரு மாற்றுச் சான்றிதழால் இவை அத்தனையையும் இழக்கின்றான். அவனுக்குக் கைந்நாட்டு வைத்த தந்தைக்கு இவற்றுள் ஒன்றன் பெயரும் தெரியாது.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் தெக்குசாசு மாநிலத்து ஊசுட்டன் நகரம் நம்மவர் பலர் வாழும் இடம். அந்நகரப் பள்ளி மாவட்டம் தேர்வு முன்னேற்றத்திலும் இடைநிற்றலைக் குறைத்ததிலும் நாட்டுக்கே வழிகாட்டி என்று போற்றப்பட்டது. அதன் கல்வித் தலைவர் 2001-இல் அந்நாட்டின் கல்வியமைச்சராகவே உயர்ந்தார். 2002-இல் நகர்ப்புறப் பள்ளி மாவட்டங்களுக்கென ஏற்படுத்தப்பட்ட பிராடு பரிசு முதன்முதலாக அம்மாவட்டத்திற்கே வழங்கப்பட்டது. மறு ஆண்டே குட்டு வெளிப்பட்டது. ஏறத்தாழ 1,700 மாணாக்கர் பயின்ற ஒரு பள்ளியிலிருந்து ஓராண்டில் 463 பேர் வெளியேறியிருந்தனர்; மேலிடத்துக்கு அனுப்பிய கணக்கில் இடைநின்றோர் எண்ணிக்கை சுழி! அப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் ஒருவர்தாம் அதனை வெளிக்கொணர்ந்தார். மாநிலத் தணிக்கையர் பதினாறு பள்ளிகளைத் துருவினர். வெளியேறிய ஏறத்தாழ 5,500 பேரில் 3,000 பேர் அளவுக்கு இடைநின்றோராகக் காட்டியிருக்க வேண்டியவர், காட்டப்படவில்லை. வேறு பள்ளிக்குப் போனார், ஊர் திரும்பினார் என்றெல்லாம் அவர்தம் ஏடுகளில் கரணியம் எழுதப்பட்டிருந்தது. 'பெற்றோர் விருப்பம்' என்பதற்கு ஆங்கிலத்திலும் சொல் இருக்கின்றது போலும்!

தமிழுக்கு வருவோம். மதிப்பெண் பரிசுகளின் உள்ளீடு தமிழ்ப்பாடத்தில்தான் தெளிவாகத் தெரிகின்றது. 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில், தமிழ்நாடு முழுமைக்கும், தமிழில் நூற்றுக்கு நூறு பெற்றவர் ஒரே ஒரு மாணாக்கி. அதே தேர்வில் தமிழில் தவறியவர் 47,000 பேருக்கு மேல். தமிழ்நாட்டில்! தமிழில்! அந்த ஒருத்தியைப் பாராட்டி எழுதாத தாள் இல்லை. அந்த 47,000 பேருக்கு ஒருநாள் செய்திக்குமேல் எதுவும் கிட்டவில்லை. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாள் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவேயில்லை. துருவிப் பார்த்தபோது, அவருள் பலர் முன்பே பள்ளியை விட்டு நீங்கியவர், பெயர்கள் மட்டும் ஏட்டில் இருந்தன என்று தெரிந்தது. ஒருபுறம் இருப்பவனைக் கழிக்கின்றனர். மறுபுறம் இல்லாதவனை வைத்திருக்கின்றனர். 2024-இல் பத்தாம் வகுப்பில் 8 பேரும் பன்னிரண்டில் 35 பேரும் தமிழில் முழு மதிப்பெண் பெற்றனர். அந்நாற்பத்து மூவருக்கும் அவ்வாண்டு சூனில் சென்னையில் நடந்த பள்ளிக்கல்வித் துறையின் ஐம்பெரும் விழாவில் தலைக்கு 10,000 உருபா வழங்கப்பட்டது. அவர்களை நெஞ்சார வாழ்த்துகின்றோம். பத்தாம் வகுப்பில் இரண்டாண்டில் ஒன்று எட்டானது மகிழ்ச்சியே. ஆனால் நாற்பத்து மூவரைக் கொண்டு தமிழ் வாழ்கின்றது என்று எவரும் நிறைவு கொள்ள வேண்டா.

ஒரு திட்டத்தை மட்டும் தனியே பாராட்டியாக வேண்டும். பதினொன்றாம் வகுப்பு மாணாக்கர்க்கென 2022 முதல் நடத்தப்பெறும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, திங்களுக்கு 1,500 உருபா வீதம் இரண்டாண்டுகள் பெறுகின்றனர். அவருள் சரிபாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கே. தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று நம்மை ஏளனம் செய்தவர்க்கு இது நேரான விடை. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் மட்டுமே திறன் உண்டு என்றிருந்த இடத்தில் தமிழுக்கும் ஓர் இருக்கை இடப்பட்டுள்ளது. நம் மாவட்டத்துத் தமிழாசிரியர்கள் இத்தேர்வுக்குப் பிள்ளைகளை அணியப்படுத்துவதைக் கூடுதற் சுமையாக எண்ணலாகாது. ஆனால் இப்படி ஒருபுறம் தமிழுக்குப் பரிசு தந்துகொண்டே, மறுபுறம் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்து, அவை பெருகப் பெருகத் தமிழ்வழி வகுப்பறைகள் வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன முறை? வேரில் வெந்நீரை ஊற்றிவிட்டு நுனியில் பூச்சூட்டுவதா?

நம் மாவட்டத்துக்கு வருவோம். இது எளிய மாவட்டமன்று. மேற்கே பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கம் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் மிகுதி. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின் பின்னரே அவர்தம் பிள்ளைகள் பலர் தமிழை முறையாகப் பயில்கின்றனர். செங்கற்சூளைகளில் ஒடியா பேசும் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டில் பாதி நாள் தங்கி உழைக்கின்றன. தாய்மொழி நமக்கு உயிரெனில் அவர்க்கும் அஃது அவ்வாறே. அப்பிள்ளைகட்கு அவர்தம் மொழியில் எழுத்தறிவும் நம் மொழியில் உறவும் தருவதே முறை. கிழக்கே பழவேற்காட்டு மீனவர் குப்பங்கள், நடுவே தொழிற்பேட்டை. வள்ளூரில் 500 மெகாவாட்டு ஆற்றலுள்ள பொறித்தொகுதிகள் மூன்று இயங்கி 1,500 மெகாவாட்டு மின்னாற்றல் எங்கெங்கோ போகின்றது; அதன் சாம்பற் காற்றை நுகர்ந்துகொண்டே படிக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022 சூன் 13-இல் முதலமைச்சர் தொடங்கி வைத்தது இம்மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில். காலையுணவுத் திட்டத்தை அரசு உதவிபெறும் ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு 2024 சூலை 15-இல் விரித்ததும் இம்மாவட்டத்துக் கீழச்சேரியில். இங்கே தொடங்கினர் என்றால் இங்கே தேவை மிகுதி என்பதுதான் பொருள். இத்தகைய மாவட்டத்தின் தேர்ச்சி விழுக்காட்டைப் பிற மாவட்டங்களோடு ஒப்பிட்டுத் தரவரிசை வெளியிட்டு, கீழே நிற்கும் தலைமையாசிரியரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டால், அவர் என் செய்வார்? ஒன்பதாம் வகுப்பு ஏட்டைத்தான் புரட்டுவார். மாணாக்கரின் தரவரிசைப் பட்டியலை அரசு 2017-இல் நிறுத்தியது, நற்செயல். மாவட்டங்களின் பட்டியலோ இன்னும் வெளிவந்துகொண்டிருக்கின்றது.

பட்டியலில் வராத ஓர் அருவினையும் இம்மாவட்டத்தில் நடந்தது. 2018 சூனில் பள்ளிப்பட்டை அடுத்த வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், மாணாக்கர் எண்ணிக்கைக்கு ஆசிரியர் மிகை என்று கூறி இளம் ஆசிரியர் ஒருவரை வேற்றூருக்கு மாற்றினர். அவர் புறப்பட வந்தபோது பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து கட்டிக்கொண்டு கதறினர், வாயிலைக் கடக்க விடவில்லை, பெற்றோரும் திரண்டனர். நாடெங்கும் அப்படம் பரவியது. மாற்றம் சில நாள் தள்ளிவைக்கப்பட்டது. அவர் ஆங்கில ஆசிரியர், அதனாலென்ன? பிள்ளைகளைத் தம் உடன்பிறப்புகளாகக் கருதினார். எத்துணை விழுக்காடு தேர்ச்சி காட்டினார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டு அழவில்லை.

ஆசிரியர் விருதுகளைப் பற்றியும் ஒரு சொல். செப்தம்பர் 5-இல் மாநில நல்லாசிரியர் விருது எவர் பெயரால் வழங்கப்படுகின்றதோ, அந்த இராதாகிருட்டிணன் 1888-இல் பிறந்த ஊர் நம் திருத்தணி. அவர் குடியரசுத் தலைவராகி உலகறிந்தார். அதே மண்ணில் மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர் ஒருவரும் வாழ்ந்தார். தெலுங்கு ஓங்கியிருந்த எல்லையூர்களில் தமிழ் பயிற்றிப் பள்ளிகளை வளர்த்தார், வடவெல்லைப் போராட்டத்துக்கு வித்திட்டார், 1953-இல் மறைந்தார். 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்ததைக் காண அவர் இல்லை. இன்று திருத்தணிப் பள்ளிகளில் தமிழ்வழியில் தேறி மேடையேறும் ஒவ்வொரு பிள்ளையும் அவர் உழைப்பின் விளைச்சலன்றோ? ஆயினும் எம் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எத்தனையோ பரிசளிப்பு விழாக்களில் அமர்ந்திருக்கின்றோம். ஒரு மேடையிலும் அவர் பெயர் ஒலித்து யாம் கேட்டதில்லை. இக்கால் விருதுக்குரிய ஆசிரியரை மாவட்டக் குழு பரிந்துரைக்கின்றது. நாட்டளவிலான விருதுக்கோ 2018 முதல் ஆசிரியரே தம் பெயரைத் தாமே முன்மொழிந்து சான்றுகளையும் படங்களையும் அடுக்கி விடுக்க வேண்டும். மங்கலங்கிழார் படங்களை அடுக்கியிருப்பாரா என்று எண்ணிப் பார்க்கின்றோம்.

யாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கல்வித் துறை தனியெண் வழங்கியுள்ளது. எந்தப் பிள்ளை எந்த ஆண்டில் எந்தப் பள்ளியில் சேர்ந்தது, எப்போது நீங்கிற்று, எங்கே சேர்ந்தது என்பதெல்லாம் துறையின் கணிப்பொறியில் இருக்கின்றன. ஆகலான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் தொகையை அடியாக வைத்துத் தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிடுவது ஒருநாள் வேலை. வேறு பள்ளியில் சேர்ந்ததாக அத்தனியெண் காட்டும் பிள்ளைகளை மட்டும் கழித்துக்கொள்ளட்டும்; 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதி எங்கும் சேராதவரைக் கழிக்க வேண்டா. அக்கணக்கில் எண்பது பெறும் பள்ளிக்குக் கேடயம் கொடுங்கள். யாமும் வந்து கைதட்டுகின்றோம். நின்றுபோன பிள்ளையைத் தேடிச் சென்று திரும்ப அழைத்து வந்த ஆசிரியர்க்குப் பொன்னாடை போர்த்துங்கள். மூன்றாம் வகுப்பு முடியுமுன் எல்லாப் பிள்ளைகளையும் தமிழ்ப் பொத்தகத்தைத் தடையின்றிப் படிக்க வைத்த தொடக்கப்பள்ளிக்கு முதல் நாற்காலி போடுங்கள். பத்தாம் வகுப்பில் 47,000 பேர் தமிழில் தவறும் நோயின் வேர் மூன்றாம் வகுப்பில் இருக்கின்றது. அங்கே உழைப்போர்க்கு இன்று மேடையே இல்லை.

இக்கருத்துகளை முறையீடாக எழுதி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவஞ்சலில் விடுத்துள்ளோம். அன்பர்கள் தத்தம் ஊர் அரசுப் பள்ளிக்குச் சென்று, இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வெழுதியோர் எத்தனை பேர், அவர்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனை பேர், இடையில் மாற்றுச் சான்றிதழ் பெற்றோர் எத்தனை பேர் என்னும் மூன்று தொகைகளைப் பணிவோடு கேட்டு, ஓர் அஞ்சலட்டையில் எழுதி எமக்கு விடுக்க. சண்டைக்கு நிற்க வேண்டா. தலைமையாசிரியரும் நம்மவரே, அவர் தோளிலும் மேலிடத்துச் சுமை இருக்கின்றது. அலுவலகத்திலிருந்து விடை வரின் அதனையும், அன்பர்கள் விடுக்கும் தொகைகளையும் வரும் இதழில் வெளியிடுவோம்.